குழாயிலிருந்து மலைக்கு: பினாங்குப் பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் பாடம் நடத்தப் போகிறவர்களுக்கு

புது வகுப்பு தொடங்கும்போதெல்லாம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். “உங்க வீட்டுக் குழாயில வர்ற தண்ணி எங்கிருந்து வருது?”

கோயில் மண்டபத்தில் வட்டமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். யாராவது ஒருவர், “மேல இருக்கிற டேங்க்ல இருந்து, டீச்சர்” என்பார். அந்த டேங்குக்கு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், “ஆயர் ஈத்தாம் அணையில இருந்து” என்று பதில் வரும். அதற்கு மேல் யாருக்கும் தெரியாது. பெற்றோர்களைக் கேட்டாலும் பெரும்பாலும் இதே பதில்தான்.

உண்மையில் பினாங்கு குடிக்கும் தண்ணீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. அந்த ஆறு பக்கத்து மாநிலமான கெடாவின் ஊலு மூடா காடுகளில் பிறக்கிறது. தீவில் இருக்கும் நம் வீட்டுக்கு அந்தத் தண்ணீர் கடலுக்கு அடியில் போட்ட குழாய் வழியாக வந்து சேருகிறது. பிறந்ததிலிருந்து குடிக்கும் தண்ணீர் எந்தக் காட்டிலிருந்து வருகிறது என்று தெரியாத பிள்ளையிடம் “காட்டைக் காப்பாற்று, தண்ணீரைச் சேமி” என்று சொன்னால், அது தேர்வுக்கு எழுதும் வாக்கியமாகவே நின்றுவிடும். அதனால்தான் உலகத்து நீரைப் பற்றிய பாடத்தை நான் உலகத்திலிருந்து தொடங்குவதில்லை. பிள்ளையின் வீட்டுக் குழாயிலிருந்து தொடங்கி, பின்னாலேயே நடந்து மலைக்குப் போய், அதற்கப்புறம்தான் உலகத்துக்குப் போகிறேன்.

ஆண்டு 5, ஆண்டு 6, படிவம் 1, படிவம் 2 பிள்ளைகளுக்கு வார இறுதி வகுப்பு எடுக்க வரும் தொண்டர்களுக்காகவும், தமிழ்ப்பள்ளியில் புறப்பாட நடவடிக்கையைப் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஆறு அல்லது ஏழு சந்திப்புகள் போதும். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். ஆற்றுக்குப் போகும் நாளுக்கு மட்டும் ஒரு காலைப்பொழுது முழுவதும் ஒதுக்குங்கள்.

வகுப்புக்கு முன்பு

முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீர்க் கட்டண ரசீதை எடுத்துப் படித்துப் பாருங்கள். அதில் பயன்பாடு கன மீட்டரில் இருக்கும். 1 கன மீட்டர் என்றால் 1,000 லிட்டர். இது தெரியாமல் வகுப்புக்குப் போனால் பிள்ளைகள் கேட்கும் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாற வேண்டிவரும்.

அடுத்தது சொல்லட்டைகள். நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் மலாயிலோ ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள். நீராவியாதல் என்று தெரிந்த பிள்ளை ‘பென்யெஜாத்தான்’ என்ற சொல்லைக் கேட்டதும் அது வேறு ஏதோ என்று நினைத்துவிடுகிறது. நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் ‘தாடாஹான் ஆயர்’, அணை என்றால் ‘எம்பாங்கான்’, மண்ணரிப்பு என்றால் ‘ஹக்கிசான்’. ஓர் அட்டையில் ஒரே சொல்லை மூன்று மொழியிலும் எழுதி, படமும் ஒட்டிவிடுங்கள். இருபது அட்டை போதும். இந்த வேலைக்கு ஒரு மாலை நேரம் ஆகும், ஆனால் பல வருடம் கைகொடுக்கும்.

பெற்றோரின் அனுமதிக் கடிதங்களை முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். ஆற்றுப் பயணத்துக்கு முந்தின நாள் கேட்டால் பாதிப் பேருக்குத்தான் கிடைக்கும்.

முதல் சந்திப்பு: நீல நூல்

பினாங்கு, கெடா இரண்டும் தெரியும் பெரிய வரைபடம் ஒன்றைத் தரையில் விரியுங்கள். ஒரு நீல நூல்கண்டு வேண்டும். பிள்ளைகள் தங்கள் வீடு இருக்கும் இடத்தில் ஒரு குண்டூசி குத்தட்டும். நூலை அங்கிருந்து பின்னோக்கி நடத்திச் செல்லுங்கள். வீட்டிலிருந்து கடலைத் தாண்டிப் பெருநிலத்துக்கு. அங்கே சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையம். அங்கிருந்து கால்வாய் வழியாக, சுங்கை மூடாவில் தண்ணீர் எடுக்கும் லாஹார் தியாங். பிறகு ஆற்றோடு மேலே மேலே ஏறி ஊலு மூடா.

நூல் மாநில எல்லையைத் தாண்டும் இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். “நம்ம தண்ணி ஏன் கெடாவுல இருக்கு?” என்று கண்டிப்பாக ஒரு பிள்ளை கேட்கும். ஆறுகளுக்கு எல்லை தெரியாது என்று பேசிவிட்டுக் கடந்துவிட வேண்டாம். மேலே இருப்பவர் காட்டை வெட்டினால் கீழே இருப்பவருக்கு என்ன ஆகும், காட்டை வெட்டாமல் வைத்திருப்பவருக்கு அதனால் என்ன இழப்பு, அதை யார் ஈடுசெய்ய வேண்டும் என்று பிள்ளைகளையே பேசவிடுங்கள். 12 வயதுப் பிள்ளைகளுக்கு நியாய அநியாயத்தில் இருக்கும் கூர்மை பெரியவர்களுக்கு இல்லை.

அணைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். 1962இல் கட்டி முடித்த ஆயர் ஈத்தாம் அணையும் 1999இல் முடித்த தெலுக் பாஹாங் அணையும் தீவில் இருக்கின்றன. பெருநிலத்தில் இருக்கும் மெங்குவாங் அணைதான் எல்லாவற்றிலும் பெரியது. அணை தண்ணீரை உண்டாக்குவதில்லை, சேர்த்து மட்டுமே வைக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் ஊர்ப்பெயர் தேடல் நடத்தலாம். மலாயில் ஆயர் என்றால் தண்ணீர், சுங்கை என்றால் ஆறு. ஆயர் ஈத்தாம், ஆயர் பூத்தே, சுங்கை ஆரா, சுங்கை நிபோங், சுங்கை பினாங் என்று வரைபடத்தில் எத்தனை பெயரில் தண்ணீர் ஒளிந்திருக்கிறது என்று பிள்ளைகள் வட்டம் போடட்டும். கடைசியில் நம்முடைய தண்ணீர்மலை. தைப்பூசத்துக்கு ஆண்டுதோறும் படியேறும் பிள்ளைகளில் பலர், அந்த மலைக்கு ஏன் அப்படிப் பெயர் வந்தது என்று யோசித்ததே இல்லை. பக்கத்தில் அருவி இருக்கிறது. அந்தப் பெயரை வைத்தவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நன்றாகவே தெரிந்திருந்தது.

இரண்டாம் சந்திப்பு: 20 லிட்டர் தோங்

இந்த ஒரு வகுப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

தேவையானவை: 20 லிட்டர் பிடிக்கும் தண்ணீர்த் தோங் ஒன்று, 500 மில்லி போத்தல் ஒன்று, கிளாஸ் மூன்று, கொஞ்சம் மணல், ஒரு தேக்கரண்டி, மருந்துக் கடையில் கிடைக்கும் சொட்டுக்குழல்.

தோங்கை நிரப்பி நடுவில் வையுங்கள். பூமியின் மேற்பரப்பில் சுமார் 71 விழுக்காடு தண்ணீர்தான்; மொத்தம் சுமார் 138.6 கோடி கன கிலோமீட்டர். அந்தத் தண்ணீர் அத்தனையும் இந்தத் தோங்குக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது ஒரு பிள்ளையை அழைத்து, நாம் குடிக்கவும் சமைக்கவும் ஆகிற நல்ல தண்ணீரை மட்டும் தனியாக எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் அரை வாளி அள்ளுவார்கள். கவனமான பிள்ளை இரண்டு கிளாஸ் எடுக்கும்.

பிறகு நீங்கள் 500 மில்லி போத்தலை நிரப்பிக் காட்டுங்கள். நன்னீர் மொத்தமே 2.5 விழுக்காடு. தோங்கில் மிச்சமிருக்கும் 19.5 லிட்டரும் உப்பு நீர்.

அந்தப் போத்தலிலிருந்து 345 மில்லியை முதல் கிளாஸில் ஊற்றுங்கள். இது துருவங்களிலும் பனிமலைகளிலும் உறைந்து கிடக்கிறது. அடுத்து 150 மில்லியை மணல் நிரப்பிய கிளாஸில் ஊற்றுங்கள். மேலே ஒன்றும் தெரியாது, உள்ளே இறங்கிவிடும். இதுதான் நிலத்தடி நீர். கிளந்தானில் குழாய்த் தண்ணீரில் கணிசமான பங்கு இப்படித்தான் மண்ணுக்கு அடியிலிருந்து எடுக்கப்படுகிறது என்று சொன்னால் பிள்ளைகள் அந்த மணல் கிளாஸை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

போத்தலின் அடியில் மிச்சம் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி இருக்கும். அதிலும் பெரும்பகுதி வடதுருவத்துப் பக்கம் உறைந்த மண்ணிலும், மண் ஈரத்திலும், சதுப்பு நிலத்திலும், காற்றிலும் இருக்கிறது. உலகத்து நன்னீர் ஏரிகள் எல்லாம் சேர்ந்து கால் தேக்கரண்டி. ஆறுகள்?

சொட்டுக்குழலால் ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். கங்கை, காவிரி, அமேசான், நைல், நம் சுங்கை மூடா எல்லாம் அந்தச் சொட்டுக்குள் அடக்கம். சரியாகக் கணக்குப் போட்டால் ஒரு சொட்டுகூட முழுசாக வராது.

அந்த நேரத்தில் நீங்கள் எதுவும் பேச வேண்டாம். மண்டபம் தானாகவே அமைதியாகிவிடும். ஒருமுறை ஒரு பையன் உள்ளங்கையை மூடிக்கொண்டு, கீழே விழுந்துவிடும் என்று வகுப்பு முடியும்வரை திறக்கவே இல்லை.

கடல்நீரை ஏன் குடிக்கக் கூடாது என்று யாராவது கேட்டால், ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து நாக்கு நுனியில் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கடலின் உப்புச் செறிவு ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த உப்பைப் பிரித்தெடுக்க நிறைய மின்சாரமும் பணமும் தேவைப்படுகிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்றாம் சந்திப்பு: நீர்ச்சுழற்சி

இதைப் பிள்ளைகள் நான்கைந்து முறை படித்திருப்பார்கள். அம்புக்குறி போட்ட படத்தைத் திரும்பவும் வரைய வேண்டாம். ஐஸ் மைலோ ஒரு கிளாஸ் கலக்கி மேசையில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் கிளாஸின் வெளிப்புறம் வேர்த்துவிடும். “கிளாஸ் ஒழுகுதா?” என்று கேளுங்கள். ஒழுகுகிறது என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. வெள்ளை டிஷூவால் துடைத்துப் பார்க்கட்டும். துளி மைலோ நிறத்தில் இல்லை, அப்படியென்றால் எங்கிருந்து வந்தது? காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் இருக்கிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். மேகத்துக்கும் அந்தக் கிளாஸுக்கும் ஒரே கதைதான்.

மண்டபத்துக்கு வெளியே ஏதாவது மரம் இருந்தால், இலை நிறைந்த ஒரு கிளையில் தெளிவான பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டு வகுப்பு முடியும்போது வந்து பாருங்கள். வெயில் நாளில் உள்ளே துளித்துளியாகத் தண்ணீர் சேர்ந்திருக்கும். மரமும் காற்றில் நீராவி விடுகிறது என்பதைப் பிள்ளைகள் பிறகு மறப்பதே இல்லை.

ஒரு கேள்விக்கு மட்டும் தயாராக இருங்கள். “டீச்சர், இங்கதான் மழை பெஞ்சிக்கிட்டே இருக்கே, அப்புறம் ஏன் தண்ணி பத்தல?” நல்ல கேள்வி. பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஆனால் அது ஆண்டு முழுக்க ஒரே மாதிரி விழுவதில்லை. செப்டம்பர், அக்டோபரில் கொட்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வறளும். தைப்பூசத்துக்கு நடக்கும்போது கால் சுடுவது ஏன் என்று இப்போது புரியும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் ஒரே இரவில் பெய்த மழை ஊரையே மூழ்கடித்தது. அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி சேமிக்கப்படாமல் கடலுக்கு ஓடிவிட்டது. எவ்வளவு விழுகிறது என்பதோடு, எப்போது விழுகிறது, விழுந்ததில் எவ்வளவு தங்குகிறது என்பதும் சேர்ந்ததுதான் கணக்கு.

நான்காம் சந்திப்பு: கலங்கிய நீரைத் தெளியவைத்தல்

படிகாரம் வாங்க லிட்டில் இந்தியா பக்கம் எந்தப் பூசைச் சாமான் கடைக்குப் போனாலும் கிடைக்கும். திருஷ்டிக்கு வாசலில் கட்டுவார்களே, அதேதான். தோட்டத்து மண்ணைக் கரைத்த ஒரு லிட்டர் கலங்கல் நீர் இரண்டு போத்தலில் எடுங்கள். ஒன்றில் மட்டும் பொடித்த படிகாரம் அரைத் தேக்கரண்டி போட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் ஐந்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, அரைமணி நேரம் அசைக்காமல் விடுங்கள். மண் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். மற்றப் போத்தல் அப்படியே கலங்கிக் கிடக்கும்.

சுத்திகரிப்பு நிலையத்தில் நடப்பதும் இதேதான். படிகாரத்தின் உறவுக்காரப் பொருள் ஒன்றைப் போட்டு மண்ணைத் திரட்டுகிறார்கள், படியவிடுகிறார்கள், மணலில் வடிகட்டுகிறார்கள், கடைசியில் கிருமியைக் கொல்லக் குளோரின் சேர்க்கிறார்கள். பாட்டியிடம் தேற்றாங்கொட்டையைப் பற்றிக் கேட்டு வரச் சொல்லுங்கள். பானையின் உட்புறத்தில் அந்தக் கொட்டையைத் தேய்த்து நீரைத் தெளியவைத்தது நம் பழைய முறை.

தெளிந்த நீரை யாரும் குடிக்கக் கூடாது. தெளிவாக இருப்பது சுத்தமாக இருப்பதாகாது என்று இரண்டு முறை சொல்லுங்கள். ஒரு போத்தல் தெளிந்த நீரில் ஒரு கரண்டி உப்பைக் கலந்துவிட்டு, பார்த்துக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று கேட்டால் அவர்களுக்கே விளங்கிவிடும்.

ஐந்தாம் சந்திப்பு: மலை ஏன் மொட்டையாகக் கூடாது

மூன்று தட்டுகளைச் சாய்வாக வையுங்கள். ஒன்றில் புல் முளைத்த மண், ஒன்றில் காய்ந்த இலை மூடிய மண், ஒன்றில் வெறும் மண். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கிளாஸ். மூன்றிலும் ஒரே அளவு தண்ணீரைப் பூவாளியால் ஊற்றுங்கள். வெறும் மண்ணிலிருந்து தேநீர் நிறத்தில் உடனே கொட்டும். புல்தட்டிலிருந்து கொஞ்சமாக, தாமதமாக, தெளிவாக வரும். கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்து எழுதிக்கொள்ளட்டும்.

இதைப் பார்த்த பிறகு சன்னல் வழியாகக் கொடிமலையைக் காட்டுங்கள். அந்த மலைத்தொடர் 2021இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பினாங்கில் கடல்மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேல், அதாவது 250 அடிக்கு மேல் இருக்கும் நிலம் மலைநிலம் என்று கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. ஏன் அப்படி ஒரு கோடு தேவைப்பட்டது என்பதற்கு மூன்று தட்டும் பதில் சொல்லிவிடும்.

சாப்பாட்டையும் இங்கே சேர்க்கலாம். சுங்கை மூடாவின் தலைப்பகுதிக் காடுகள்தான் கெடா நெல்வயல்களுக்கும் தண்ணீர் தருகின்றன. ஒரு கிலோ அரிசி விளைய உலகச் சராசரியில் சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் ஆகிறது. தட்டில் சோற்றை மிச்சம் வைக்காதே என்று வீட்டில் சொல்வதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய கணக்கு இருக்கிறது பாருங்கள்.

ஆற்றுக்குப் போகும் நாள்

இதற்குத்தான் இத்தனை வாரமும். ஆனால் அவசரப்பட்டுச் செய்தால் ஆபத்தாக முடியும் நாளும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரே ஆற்றை மூன்று இடத்தில் பாருங்கள். தாவரவியல் பூங்காவுக்குள் ஓடும் சுங்கை ஆயர் தெர்ஜூன் முதல் இடம். அருவியடி குடிநீர் எடுக்கும் இடம், அனுமதியில்லாமல் போகக் கூடாது. பூங்காவுக்குள் ஓடும் நீரோடையே நமக்குப் போதும். அந்த ஆறு ஊருக்குள் நுழைந்த பிறகு ஏதாவது ஒரு பாலம் இரண்டாவது இடம். அது சுங்கை பினாங்கோடு சேர்ந்து ஜெலுத்தோங் பக்கம் கடலை நோக்கிப் போகும் பகுதி மூன்றாவது இடம். ஒரே நாளில், ஒரே தண்ணீர், சில கிலோமீட்டருக்குள்.

கடைசி இடத்துக்குப் போகும் முன் கடல் வற்றம் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தின்போது கடல்நீர் ஆற்றுக்குள் ஏறிவிடும். அப்போது எடுத்த அளவு ஆற்றைப் பற்றிச் சரியாகச் சொல்லாது. நான் முதல்முறை போனபோது இதைக் கவனிக்கவில்லை. பிள்ளைகள் எழுதி வந்த எண்கள் எதுவும் ஒத்துப்போகவில்லை, திரும்பவும் போக வேண்டியதாயிற்று.

ஒவ்வோர் இடத்திலும் பிள்ளைகள் செய்ய வேண்டியவை:

1. கயிறு கட்டிய வாளியால் நீர் எடுத்து, தெளிவான போத்தலில் நிரப்பி, இடம், தேதி, நேரம் எழுதி ஒட்டுதல். பாலத்தில் பெரியவர்கள்தான் வாளியை இறக்க வேண்டும்.

2. கலங்கல் அளத்தல். ஒரு மீட்டர் நீளத் தெளிவான பிளாஸ்டிக் குழாயின் அடியை மூடி, அடியில் கறுப்பு மையால் கூட்டல்குறி ஒன்று போட்டுவிடுங்கள். மேலிருந்து பார்த்துக்கொண்டே நீரை ஊற்றி, அந்தக் குறி மறையும் உயரத்தைச் சென்டிமீட்டரில் குறிக்கட்டும். மேல் நீரோடையில் குழாய் நிறைந்தாலும் குறி தெரியும் நாள் உண்டு. கடைசி இடத்தில் ஒரு சாண் உயரத்துக்குள் மறைந்த நாளும் உண்டு.

3. அமிலமா காரமா என்று பார்த்தல். இதற்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். வேலியில் படர்ந்திருக்கும் சங்குப்பூ பத்துப் பதினைந்தை வெந்நீரில் ஊறவைத்தால் நீல நீர் கிடைக்கும். அதில் ஆற்றுநீரைக் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள். அமிலம் இருந்தால் ஊதா, இளஞ்சிவப்பு நோக்கிப் போகும். காரம் இருந்தால் பச்சை. எலுமிச்சைச் சாறும் சோப்பு நீரும் வைத்து நிறம் எப்படி மாறும் என்று வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டு வரட்டும்.

4. உயிர்களைத் தேடுதல். இது மேல் நீரோடையில் மட்டும். ஒரு பெரியவர் கல்லைப் புரட்டி அடியில் காட்டினால் தட்டான் குஞ்சுகளும் வேறு சிறு பூச்சிகளும் ஒட்டியிருக்கும். அவற்றில் பல, நல்ல தண்ணீரில் மட்டுமே வாழும். அழுக்கு நீரில் சிவப்புப் புழுக்கள்தான் மிஞ்சும். பார்த்து முடித்ததும் கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள்.

5. மூக்கு, கண். என்ன நாற்றம், நுரை இருக்கிறதா, மேலே எண்ணெய்ப் படலம் மினுங்குகிறதா, என்னென்ன குப்பை மிதக்கிறது. எழுதச் சொல்லுங்கள். இதைவிட நல்ல தமிழ்க் கட்டுரைப் பயிற்சி எனக்குத் தெரியாது.

சுற்றுச்சூழல் துறை ஆறுகளைத் தரம் பிரிக்கும்போது ஆறு விஷயங்களை அளக்கிறது: நீரில் கரைந்த ஆக்சிஜன், உயிரினங்கள் கேட்கும் ஆக்சிஜன், வேதிப்பொருள்கள் கேட்கும் ஆக்சிஜன், அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் துகள்கள், அமிலகாரத் தன்மை. அதில் கடைசி இரண்டையும் பிள்ளைகள் தங்கள் கையாலேயே தொட்டுப் பார்த்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

இப்போது பாதுகாப்பு. இருவருக்கு ஒரு பெரியவர் கிடைத்தால் நல்லது, நால்வருக்கு ஒருவர் என்பது கட்டாயம். மேலே மலையில் மழை பெய்தால், நாம் நிற்கும் இடத்தில் வெயிலடித்தாலும் ‘கெப்பாலா ஆயர்’ என்று சொல்லும் திடீர் வெள்ளம் வரும். மலை உச்சியில் மேகம் கறுத்தாலோ, நீர் திடீரென்று கலங்கினாலோ, உடனே மேலே ஏறிவிட வேண்டும். கையில் காலில் காயமுள்ள பிள்ளைகள் நீரைத் தொடக் கூடாது. எலி மூத்திரத்தால் பரவும் எலிக்காய்ச்சல் உயிருக்கே ஆபத்து. எல்லாருக்கும் கையுறை, மூடிய காலணி. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்க வேண்டும். இதில் எந்த ஒன்றையும் தளர்த்தாதீர்கள்.

திரும்பி வரும்போது தெருவோரக் கால்வாயைக் காட்டுங்கள். லோங்காங் என்று நாம் சொல்கிற இதில் விழுவது எதுவும் சுத்திகரிப்புக்குப் போவதில்லை, நேராக ஆற்றுக்குப் போகிறது. பழைய வீடுகள் பலவற்றில் சமையலறைத் தொட்டி நீரும் இதில்தான் விழுகிறது. குழம்புச் சட்டியைக் கழுவும் முன் பழைய நாளிதழால் எண்ணெயைத் துடைத்துக் குப்பையில் போடுவது, பொரித்த எண்ணெயைப் போத்தலில் சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுப்பது, இரண்டையும் இந்த இடத்தில் நின்று சொன்னால் மனத்தில் பதியும். தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தல் போடும் குடும்பங்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். தாகத்துக்கு நாம் கொடுத்த குவளை எங்கே போய்ச் சேர்கிறது என்று அவர்களே யோசிக்கட்டும். எங்கள் பிள்ளைகள் சிலர் அதன்பிறகு, பந்தலில் குவளை சேகரிக்கும் பை பிடித்து நிற்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக் கணக்கு

ரசீதில் உள்ள கன மீட்டரை 1,000ஆல் பெருக்கி, நாட்களாலும் வீட்டில் இருப்பவர்களாலும் வகுத்தால், ஒருவர் ஒரு நாளைக்கு எவ்வளவு செலவழிக்கிறார் என்று வரும். நான்கு பேர், 30 நாள், 30 கன மீட்டர் என்றால் ஆளுக்கு 250 லிட்டர். பினாங்கின் சராசரி அதற்கும் மேல், நாட்டிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. பிள்ளைகளின் எண்களை வகுப்பில் உரக்கப் படிக்காதீர்கள். ஒரு வீட்டில் படுக்கையில் நோயாளி இருக்கலாம், இன்னொரு வீட்டில் துணி தைத்துத் துவைக்கும் தொழில் இருக்கலாம். அடுத்த மாதம் அவரவர் எண் அவரவர் பழைய எண்ணைவிடக் குறைந்ததா என்று மட்டும் பார்த்தால் போதும்.

கழிவறைத் தொட்டி ஒழுகுகிறதா என்று கண்டுபிடிக்க, தொட்டித் தண்ணீரில் கேசரிப் பவுடர் கொஞ்சம் கலந்து அரைமணி நேரம் யாரும் தண்ணீர் விடாமல் பார்த்துக்கொள்ளட்டும். கீழே நிறம் வந்தால் ஒழுகுகிறது. சொட்டும் குழாய்க்கு அடியில் அளவுக் குவளை வைத்து, பத்து நிமிடத்தில் சேர்வதை 144ஆல் பெருக்கினால் ஒரு நாளைய கணக்கு. ஒரு பிள்ளை இப்படித் தன் அடுக்குமாடியில் மேல்தொட்டி நிரம்பி வழிவதைக் கண்டு, மூன்று வாரம் தேதிவாரியாக எழுதி, நிர்வாகத்திடம் தன் அப்பாவோடு போய்க் கொடுத்தது. முதல் இரண்டு முறை யாரும் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் முறை லிட்டர் கணக்கோடு போனதும் மிதவையை மாற்றினார்கள்.

கூரை மழைக்கும் ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 200 சதுர மீட்டர் மண்டபக் கூரையில் 30 மில்லிமீட்டர் மழை பெய்தால் 6,000 லிட்டர். தோட்டத்துக்கும் தரை கழுவவும் பீப்பாயில் பிடிக்கலாம். மூடியும் வலையும் இல்லாமல் மட்டும் வைக்காதீர்கள், ஏடிஸ் கொசு முட்டையிடும்.

பாட்டி தாத்தாவிடம் பேட்டி எடுக்கும் வீட்டுப்பாடத்தையும் மறக்க வேண்டாம். “தோட்டத்துல லயத்துக்கு ஒரு குழாய்தான்யா, விடியக்காலையில போய் வாளிய வரிசையில வச்சாத்தான் தண்ணி” என்று ஒரு பாட்டி சொன்னதை அவருடைய பேரன் அப்படியே எழுதி வந்தான். 2024 ஜனவரி 10ஆம் தேதி தொடங்கி, சுங்கை டுவா நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றுவதற்காகப் பல பகுதிகளில் நான்கு நாள் தண்ணீர் நின்றதே, அதை அந்தப் பிள்ளைகள் எல்லாருமே அனுபவித்திருந்தார்கள். அதனால் பாட்டியின் வரிசை அவர்களுக்குப் புரிந்தது.

யாரிடம் சொல்வது

பிள்ளைகள் எதையாவது கண்டுபிடித்தால் அது எங்காவது போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்த முறை கண்டுபிடிக்க மாட்டார்கள். தெருவில் குடிநீர்க் குழாய் உடைந்தால் பினாங்கு நீர் விநியோகக் கழகம். எண் ரசீதிலேயே இருக்கும். நாடு முழுவதும் சுத்திகரித்த நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படிக் கட்டணம் வராமல் போகிறது, அதில் ஒழுகும் குழாய்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தீவில் தெருக் கால்வாய் அடைத்திருந்தால் மாநகர் மன்றம். ஆற்றில் ரசாயனமோ எண்ணெயோ கலந்தால் சுற்றுச்சூழல் துறை. ஆற்றங்கரை இடிந்தால் வடிகால் நீர்ப்பாசனத் துறை. கடிதத்தை மலாயில் பிள்ளைகளே எழுதட்டும், நீங்கள் பிழை மட்டும் திருத்துங்கள். படம், இடம், தேதி, நேரம் நான்கும் இருக்க வேண்டும். கூடுதல் உதவி வேண்டுமென்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம், தமிழிலேயே பேசலாம். நிபோங் திபால் பக்கம் சிறு மீனவர்கள் நடத்தும் அலையாத்திக் காட்டுக் கல்வி மையத்துக்கும் ஒருநாள் கூட்டிப் போகலாம். அது தனியாக ஒரு வகுப்பு.

கடைசியாக ஒரு சின்ன வேலை. ஆற்றில் எடுத்த மூன்று போத்தல்களையும் கொட்டிவிடாதீர்கள். மூடியை இறுக்கி, எழுதிய சீட்டு கிழியாதபடி டேப் ஒட்டி, அலமாரியில் வையுங்கள். சில மாதம் கழித்துக் கீழே படிந்த மண்ணின் தடிமனைப் பிள்ளைகள் அளவுகோலால் அளந்து பார்க்கலாம். எங்கள் மண்டபத்து அலமாரியில் இப்போது ஆறு அணிகளின் போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. புதிதாக வரும் பிள்ளைகள் முதல் நாளே அவற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “இது எந்த இடம், டீச்சர்?” என்று கேட்டுவிடுகிறார்கள்.